கபிலர் சுமந்த அடைக்கலம்

நம் கெடாருக்கு அணித்தே உள்ள திருக்கோவலூரில், பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை தனித்து நிற்கிறது. உச்சியில் சிறு கோயிலைத் தாங்கிய அதனைக் கபிலர் குன்று என்பர். 2019இல் மாவட்டம் பிரிந்தபின் திருக்கோவலூர் கள்ளக்குறிச்சிக்கு உரியதாயிற்று. ஆயினும் பெண்ணை நம் ஆறு, அப்பாறையும் நம் பாறையே. நம் வட்டத்துக் கவிஞர்களுள் அதனைக் காணாதார் சிலரே இருப்பர். அதன்மேல் தம் பெயரை விட்டுச் சென்ற புலவர் எத்தகைய வாழ்வின் முடிவில் அங்கு வந்து சேர்ந்தார் என்பதை இம்மலரில் எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

கபிலர் பாண்டிநாட்டுத் திருவாதவூரில் தோன்றினார் என்பது மரபு. அந்தணர். சங்க நூல்களில் மிகுதியான பாடல்களைப் பாடியவர் அவரே. கிடைப்பன 200க்கும் மேற்பட்டவை. இன்னா நாற்பது பாடிய கபிலரும், பதினோராந் திருமுறையில் இடம்பெறும் கபிலதேவ நாயனாரும், கபிலரகவல் பாடியவரும் பிற்காலத்தவர். பெயரொற்றுமையால் நால்வரையும் ஒருவராக்கி வாழ்க்கை வரலாறு எழுதியோர் உண்டு. அவ்வழியில் நாம் செல்ல வேண்டுவதில்லை. நம் கபிலரைப் பற்றிய சான்று பெரும்பாலும் அவருடைய பாடல்களிலும் அவற்றின் அடிக்குறிப்புகளிலுமே உள்ளது. அப்பாடல்களும் உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த பின்னரே பலர் கைக்கும் வந்தன.

அவர் குறிஞ்சியின் புலவர். ஐங்குறுநூற்றில் குறிஞ்சி நூறும் அவருடையவை. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் 99 மலர்களை அடுக்கிக் காட்டுகிறது. பூக்களின் பட்டியலையே வியந்து நின்றுவிடுவோர் அப்பாட்டின் உயிர்நிலையைத் தவறவிடுகின்றனர். மலைநாட்டுப் பெண் ஒருத்தியின் காதலைத் தோழி செவிலியிடம் எடுத்துரைத்து, அறத்தோடு நின்று, மணத்திற்கு வழி காண்பதே அதன் பொருள். தோழி நாவன்மை உடையவள். யார் மனமும் நோகாமல் சொல்ல வல்லவள். அவள் சொல் வெல்கிறது. சொல்லால் மணம் கூட்டுவித்தல் என்னும் இக்கலையைக் கபிலர் எத்தனையோ பாடல்களில் இழைத்து இழைத்துச் செய்தார். இதனை நினைவில் வைத்துக்கொண்டே அவருடைய வாழ்வைத் தொடர வேண்டும்.

புலமைக்குரிய பெருமிதம் அவரிடம் நிரம்ப இருந்தது. நம் கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியிடம் சென்றபோது, கொடுப்பது எளிது, வந்தவரின் தகுதி அறிவதே அரிது என்றும், புலவரை எல்லாம் ஒரே நிரையில் வைத்து நோக்குதலை விட்டுவிடு என்றும் இடித்துரைத்தார். பரிசில் பெற வந்தவர் அரசனுக்குப் பாடம் சொல்கிறார்! தம் சொல்லின் விலை அறிந்தவர்க்கே அது கூடும். அச்சொல்லைத் தமக்காக மட்டும் அவர் செலவிட்டதுமில்லை. மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்த பேகனிடம் அவள் அழுகையைக் கொண்டு சென்றவருள் கபிலரும் ஒருவர்.

பறம்பு மலைத் தலைவன் வேள் பாரியோடு அவர் கொண்ட நட்பு தமிழுலகம் அறிந்தது. பிரான்மலை என இன்று வழங்கும் அம்மலையை மூவேந்தரும் முற்றியபோது கபிலர் உள்ளே இருந்தார். கிளிகளைக் கொண்டு வெளியிலிருந்து நெற்கதிர் வருவித்து முற்றுகையைத் தாங்க வழி செய்தார் என்ற செய்தியை நக்கீரர் அகநானூற்றில் பதிந்துள்ளார். அதனினும் நம் உள்ளத்தைத் தைப்பது வேந்தரை நோக்கிக் கபிலர் கூறியதே. உழவின்றியே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் விளையும் மலை இது. படையால் கொள்ள இயலாது. யாழோடு ஆடிப் பாடி வருவீராயின் நாட்டையும் மலையையும் ஒருங்கே தருவான் என்றார். முந்நூறு ஊர்களையும் இரவலர் பெற்றுவிட்டனர், எஞ்சியிருப்பவர் தாமும் பாரியுமே என்றும் நகைத்தார். பாரி பின்னர் வஞ்சனையால் வீழ்ந்தான் என்பர். இரந்து வருவோர்க்குக் கதவு அடைக்கத் தெரியாதவன் என்று பகைவர்க்கே முழங்கிய தம் சொற்களைத் தனிமையில் கபிலர் எவ்வாறு நினைத்திருப்பார்? கவிதை எழுதுவோர் இவ்விடத்தில் சற்றே நிற்பது நல்லது.

நண்பன் மாய்ந்தான். கபிலரிடம் எஞ்சியவர் அவன் மகளிர் இருவர். அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால வழக்கு. புறநானூறு அவர்களைப் பாரி மகளிர் என்று மட்டுமே சுட்டுகிறது. பறம்பை விட்டு இறங்கும்போது கபிலர் கண்ணீரோடு திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். வேந்தரின் குதிரைகளை மலையுச்சியிலிருந்து எண்ணிய மகளிர், இப்போது சிறுகுடிலின் பக்கத்துக் குப்பைமேட்டில் ஏறி உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். அக்காட்சியைக் கண்டும் தாம் இன்னும் உயிர் வாழ்வதற்காகக் கபிலர் நொந்துகொள்கிறார்.

பின் வாயில்தோறும் நடக்கிறார். விச்சிக்கோவிடம் சென்று, இவர் பாரியின் மகளிர், நான் அந்தணன், நான் தர நீ கொள்க என்கிறார். அவன் இசைந்திலன். இருங்கோவேளிடம் செல்கிறார். நாற்பத்தொன்பது தலைமுறை தொன்மை உடைய அவன் குடியைப் புகழ்ந்து அதே வேண்டுகோளை வைக்கிறார். அவனும் மறுக்கிறான். குறிஞ்சிப்பாட்டில் ஒரு தோழியின் வாயில் வென்ற சொல், அதனைப் படைத்தவர் தாமே ஒரு தோழியாகவும் தந்தையாகவும் நின்று உரைத்தபோது இருமுறை தோற்றது. தகுதியறிந்து புலவரை நோக்குமாறு காரிக்குக் கற்பித்தவரின் தகுதியை அறிவார் அவ்வாயில்களில் இல்லை. பரிசில் மறுத்தால் புலவன் வேறு நாடு போகலாம். அடைக்கலப் பெண்களோடு நிற்பவனுக்கு அந்தச் செருக்கும் வாய்ப்பதில்லை.

இருங்கோவேளிடம் கபிலர் சினந்தது உண்டு. அவன் முன்னோன் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்ததன் பயனாகவே அரையம் என்னும் பேரூர் அழிந்தது என்று நினைவூட்டுகிறார். ஆனால் சாபத்தோடு அவர் முடிக்கவில்லை. இவரைப் பாரி மகளிர் என்று உன்னிடம் கூறிய என் புன்சொல்லைப் பொறுத்துக்கொள் என்று சொல்லி, அவன் வேலை வாழ்த்தி விடைபெறுகிறார். நகையா, பணிவா, கசப்பா என்று பிரித்தறிய முடியாத குரல் அது. மூவேந்தரை எள்ளியபோது அவரிடம் இக்குரல் இல்லை. என் மதிப்பீட்டில் கபிலரின் ஆளுமை முதிர்ந்தது இங்கேதான். தமக்கென எதையும் வேண்டாதபோது ஒருவர் படும் அவமதிப்பு, அவர் சொல்லின் கூர்மையைக் குறைக்காமல் அதன் ஆரவாரத்தை மட்டும் களைந்துவிடுகிறது.

இன்னொன்றும் கூறவேண்டும். தந்தையையும் குன்றையும் இழந்த துயரை நிலவொளியில் வைத்துப் பாடிய பாரி மகளிரின் ஒரே பாட்டு, கபிலரின் கையறுநிலைப் பாடல்களுக்கு ஒரு படியும் தாழ்ந்ததன்று. அத்தகைய இரு புலவர்கள் மணவாயில்களில் வாய்திறவாப் பொருள்களாக நிற்கின்றனர். அவர்களின் விருப்பம் என்ன என்று மாணவியர் வகுப்பில் வினவுவதுண்டு. நூல் அதற்கு விடை தரவில்லை. கபிலரும் அவ்வினாவை எழுப்பினாரில்லை. அவருடைய அன்பிற்கு அவர் காலம் இட்ட எல்லை அது.

சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனை அடைந்தபோதும் பாரி அவரை விட்டு நீங்கவில்லை. பாரி போயினான் என்பதால் காக்குமாறு இரக்க வரவில்லை, உன் புகழ் கேட்டு வந்தேன் என்று, புதிய புரவலன் முன் பழைய நண்பனின் பெயரை முதலில் எடுத்தார். சேரன் மனம் கோணவில்லை. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்திற்கு நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றேறி நின்று கண்ட நாடெல்லாமும் தந்தான் என்று அதன் பதிகம் கூறும். அவன் ஒருமுறை கபிலரின் கையைப் பற்றி அதன் மென்மையை வியந்தான். உண்பதன்றி வேறு தொழில் அறியாத கை என்று கபிலர் தம்மையே எளிமையாக்கிக்கொண்டார்.

மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்புவித்துக் கபிலர் வடக்கிருந்தார் என்பது புறநானூற்று அடிக்குறிப்பு. முதலாம் இராசராசன் காலத்தில் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பொறித்த செய்யுட் கல்வெட்டு வேறு கூறுகிறது: பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்துவிட்டு, பெண்ணையாற்றுக் கபிலக்கல்லில் அவர் தீப்புகுந்தார் என்கிறது. உண்ணாமையா, தீயா என்பதில் இரண்டும் மாறுபடினும், அடைக்கலத்தை ஒப்படைத்த பின்னரே கபிலர் இறந்தார் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

வடக்கிருந்தபோது பாடிய பாட்டில் பாரியிடம் அவருக்கு ஒரு குறை இருக்கிறது. உடன் வருவேன் என்றபோது, நீ இருந்து பின் வா என்று நிறுத்திவிட்டாயே, அதனால் நட்பில் வேறுபட்டாய்; உனக்கு நான் ஏற்றவன் அல்லேன் போலும் என்று இறந்தவனோடு ஊடுகிறார். பின், இப்பிறவியில் கூட்டிய ஊழ் மறுபிறவியிலும் பிரியாமல் கூட்டுக என வேண்டுகிறார். பின் வா என்று பாரி அவரை நிறுத்தியது எதற்காக என்பதை அதற்குள் அவர் செய்து முடித்திருந்தார்.