டென்னிஸ் வீரரே இல்லை... ஆனா மைதானத்துக்கு அவர் பேர்! யார் இந்த ரோலண்ட் கரோஸ்?

மே மாதக் கடைசி வந்தால் போதும், ஸ்போர்ட்ஸ் செய்திகளில் ஒரு பெயர் தினமும் ஓடும்: ரோலண்ட் கரோஸ். பாரிஸில் செந்நிறக் களிமண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் டென்னிஸுக்கு இன்னொரு பெயரே அதுதான். ரஃபேல் நடால் 14 முறை பட்டம் வென்றது இங்கேதான். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, 1997-ல் ஜப்பானின் ரிகா ஹிராகியோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் ஜெயித்து, கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனதும் இங்கேதான்.

ரோலண்ட் கரோஸ் ஏதோ பழைய காலத்து டென்னிஸ் சாம்பியன்னு பலரும் நினைப்பதுண்டு. ஆனா அவர் ஒரு விமானி. மைதானம் கட்டுவதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டவர்.

தமிழர் வாழும் தீவில் பிறந்தவர்

1888 அக்டோபர் 6-ம் தேதி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் தலைநகர் செயின்ட் டெனிஸில் பிறந்தார் கரோஸ். அது பிரான்ஸுக்குச் சொந்தமான தீவு. 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காக ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல் ஏறிப் போன ஊர். அவர்களின் வாரிசுகள் இன்னமும் அங்கே கோயில் கட்டி, தீமிதி நடத்தி வாழ்கிறார்கள். அந்தத் தீவின் விமான நிலையத்துக்கும் இப்போது கரோஸின் பெயர்தான்.

அப்பா வக்கீல். கரோஸ் சின்னப் பையனாக இருந்தபோதே குடும்பம் வியட்நாமின் சைகோனுக்குக் குடிபெயர்ந்தது. படிப்புக்காகப் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்ட இடத்தில் நிமோனியா வந்து படுத்தார். உடம்பைத் தேற்றிக்கொள்ள சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தவர், 1906-ல் பள்ளிகளுக்கு இடையிலான சைக்கிள் போட்டியில் சாம்பியன் ஆனார். கால்பந்து, ரக்பியும் ஆடினார். பாரிஸில் வணிகக் கல்லூரியில் படிக்கும்போது எமில் லெசியர் என்ற ரக்பி வீரர் உடன் படித்தார். இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் தாண்டிய 8 மணி நேரம்

1909-ல் ஒரு விமானக் கண்காட்சியைப் பார்த்த கரோஸுக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. கார் விற்று வந்த வேலையை விட்டுவிட்டுப் பறக்கக் கற்றுக்கொண்டார். 1912-ல் 5,600 மீட்டருக்கு மேல் பறந்து உயரச் சாதனை படைத்தார்.

1913 செப்டம்பர் 23-ம் தேதிதான் அவரை உலகத்துக்கே தெரிய வைத்தது. தெற்கு பிரான்ஸிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் மத்தியதரைக் கடலைத் தாண்டி துனீசியாவின் பிசெர்டே நகரில் இறங்கினார். சுமார் 780 கி.மீ. தூரம், கிட்டத்தட்ட 8 மணி நேரம். இறங்கியபோது டேங்கில் மிச்சமிருந்தது சில லிட்டர் எரிபொருள்தான்.

போர், சிறை, தப்பித்தல்

முதல் உலகப் போர் வந்தது. விமானத்தின் மூக்கில் துப்பாக்கி வைத்தால் சுடும் குண்டு சொந்த புரொப்பல்லரிலேயே பட்டுவிடும். இதுக்கு என்ன வழி? புரொப்பல்லர் இறக்கைகளில் உலோகத் தகடு பொருத்தி, படுகிற குண்டு தெறித்துப் போகும்படி செய்தார் கரோஸ். 1915 ஏப்ரலில் அடுத்தடுத்து மூன்று ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்.

ஆனால் அதே மாதம் 18-ம் தேதி எதிரி எல்லைக்குள் இறங்க வேண்டிய நிலை. விமானத்தைக் கொளுத்தப் பார்த்தார், முழுதாக எரியவில்லை. கரோஸும் சிக்கினார், துப்பாக்கியும் சிக்கியது. அடுத்த சில மாதங்களில், புரொப்பல்லர் விலகும் நேரம் பார்த்துச் சுடும் துப்பாக்கியோடு ஜெர்மனியின் ஃபோக்கர் விமானங்கள் வானத்துக்கு வந்தன.

கிட்டத்தட்ட 3 ஆண்டு சிறை. 1918 பிப்ரவரியில் ஜெர்மன் அதிகாரி வேஷம் போட்டு, இன்னொரு விமானியோடு தப்பினார். அதற்குள் கண்பார்வை மங்கியிருந்தது. அந்த நிலையில் அவர் வீட்டில் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கரோஸோ ரகசியமாகக் கண்ணாடி செய்து போட்டுக்கொண்டு மறுபடியும் போர் விமானம் ஏறினார். அக்டோபர் 5-ம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். மறுநாள் அவருக்கு 30-வது பிறந்தநாள். போர் முடிய ஐந்து வாரம்தான் பாக்கி.

5 எதிரி விமானங்களை வீழ்த்தினால்தான் 'ஏஸ்' பட்டம். கரோஸ் வீழ்த்தியது 4. அவரை 'ஏஸ்' என்று பல இடங்களில் எழுதுவது அதனால் சரியில்லை.

அப்புறம் டென்னிஸ் எப்படி வந்தது?

1927-ல் பொரோத்ரா, ப்ரூன்யோன், கோஷே, லகோஸ்த் என்ற நாலு பேர் அமெரிக்காவைத் தோற்கடித்து பிரான்ஸுக்கு முதல் டேவிஸ் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியைப் பாரிஸில் நடத்தணும். அவ்வளவு பெரிய மைதானம் அங்கே இல்லை.

ஸ்டேட் ஃபிரான்செய்ஸ் கிளப் 3 ஹெக்டேர் நிலம் கொடுக்க முன்வந்தது. கிளப்பின் தலைவர் வேறு யாரும் இல்லை, அந்த எமில் லெசியர்தான். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: மைதானத்துக்கு என் நண்பன் பெயர் வைக்க வேண்டும். 1928-ல் மைதானம் திறந்தது. பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பும் அந்த ஆண்டே அங்கே வந்து சேர்ந்தது.

களிமண் என்று சொன்னாலும் அங்கே மேலே இருப்பது செங்கல் பொடி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அதில் பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்பும், ஆட்டமும் நீளும். வேகத்தைவிடப் பொறுமைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

ஆண்கள் கோப்பை அந்த நாலு பேரின் நினைவாக 'மஸ்கடியர்ஸ் கோப்பை'. பெண்கள் கோப்பைக்கு, விம்பிள்டனை 6 முறை வென்ற சூசன் லெங்லென் பெயர். சாம்பியன்களுக்குக் கிடைத்தது கோப்பையின் பெயர். மொத்த மைதானத்தின் பெயரும் கிடைத்தது, கல்லூரி நண்பன் மறக்காமல் வைத்திருந்த ஒரு விமானிக்கு.