கெமிஸ்தம் தந்த கிறீன் வைத்தியர்

கள்ளுக்குக் கட்டும் முட்டியும் கருப்பநீருக்குக் கட்டும் முட்டியும் ஒரே குயவன் வனைந்தவைதாம். பின்னதன் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசியிருக்கும், முன்னதில் இராது. வேறுபாடு அவ்வளவே. ஒரே பனையின் சாறு ஒரு முட்டியிற் கருப்பநீராய் இனித்து நிற்க, மற்றதில் விடிவதற்குள் நுரைத்துக் கள்ளாகின்றது. அக்கள்ளையும் வைத்திருந்தால் மேலும் புளித்து வினாகிரியாகின்றது. கரவெட்டியிலும் அயலூர்களிலும் முன்னாளில் இதனைக் கண்ணாற் காணாது வளர்ந்த சிறுவர் இலர். இது ஏன் இவ்வாறு நிகழ்கின்றது என்னும் வினாவையும் இதுபோன்ற பிற வினாக்களையும் ஆராயும் சாத்திரம் ஒன்று உண்டு. அச்சாத்திரத்தை முறையாகக் கூறும் பெருநூல் ஒன்று தமிழில் 1875 ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. அதன் பெயர் கெமிஸ்தம். அதனை நமக்குத் தந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர்.

கிறீன், 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நல்லூரிலே ஆறுமுகநாவலர் பிறந்தார். ஒருவர் தம் சமயத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் தம் சமயத்தைக் காக்க எழுந்தவர். எனினும் கற்பவன் தன் தாய்மொழியிற் கற்கவேண்டும் என்பதிலும், அதற்கு முதலில் வேண்டுவது நல்ல அச்சுப் புத்தகம் என்பதிலும் இருவரும் ஒருமனத்தினராய் உழைத்தமை எமக்கு எந்நாளும் வியப்பளிப்பது. கிறீனின் தமையனார் அந்திரூ கிறீன் நியூயோர்க் நகரின் ஆக்கத்துக்கு உழைத்துப் பெரும்புகழ் பெற்றவர். அந்நகரின் நடுவண் பூங்கா உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தம்பியும் 1845 இல் அதே நகரில் வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருப்பின் செல்வமும் செல்வாக்கும் சேர்த்திருப்பார். அவரோ அமெரிக்க மிஷனைச் சேர்ந்து, 1847 இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார்.

அவருக்கு முன்னரே ஸ்கடர் பண்டத்தரிப்பிலும் உவாட் வட்டுக்கோட்டையிலும் மேனாட்டு வைத்தியஞ் செய்திருந்தனர். கிறீன் 1848 இல் மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளரைப் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை; மாணவர் சிலரைச் சேர்த்து வைத்தியக் கல்வியும் தொடங்கினார். கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870 இலேதான் திறக்கப்பெற்றது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், வயலும் பனந்தோப்புஞ் சூழ்ந்த ஓர் ஊரில், உடற்கூறும் இரணவைத்தியமும் பாடமாக நடந்துகொண்டிருந்தன.

தொடக்கத்தில் அப்பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. அதன் பயனைக் கிறீன் விரைவிற் கண்டார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவன் ஊரில் நிற்பதில்லை. அரசினர் சம்பளத்தை நாடிப் போய்விடுகின்றான். பேதிநோய் வந்து தெருத்தெருவாகச் சாவு விழும்போது அக்கிராமத்தவர்க்கு வைத்தியன் இல்லை. நோயாளியின் மொழியிற் கற்றவனே நோயாளியின் அருகிலிருப்பான் என்று அவர் துணிந்தார். 1850 களின் நடுவிலேயே அவருள்ளத்தில் வேரூன்றிய இவ்வெண்ணம், 1857 இல் ஊர் திரும்பி, 1862 இல் மணம்புரிந்து, மனைவியாரோடு மீண்டும் மானிப்பாய் வந்த பின்னரே செயலாயிற்று. 1864 இல் தமிழ்வழி வைத்திய வகுப்புத் தொடங்கியது.

எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது? நம்மவரிடமிருந்தே! ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் உண்டு. தமிழிற் கற்ற வைத்தியனுக்கு யார் பெண் கொடுப்பார் என்று எண்ணிய பெற்றோர் அன்றும் இருந்தனர். அந்நியர் ஒருவர் தமிழிற் படியுங்கள் என்று மன்றாடவும், தமிழர் ஆங்கிலமே வேண்டும் என்று முரண்டுபிடிக்கவும் நடந்த அந்தக் காட்சியை நினைக்கையிற் சிரிப்பும் வருகின்றது, வேறொன்றும் வருகின்றது. கிறீன் அசையவில்லை. தம் மாணவர் உடையிலும் தமிழராகவே இருத்தல் வேண்டும், கால்சட்டையும் தொப்பியும் வேண்டா என்பதும் அவர் கொள்கை. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் தொகை அறுபதுக்கு மேற்பட்டது.

மொழியை மாற்றினால் நூல் வேண்டுமே! அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், வைத்தியாகரம், மனுஷ சுகரணம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவை சிறு கைந்நூல்களல்ல. பலவும் நூற்றுக்கணக்கான பக்கங்கொண்ட பெருநூல்கள். தாமே எல்லாம் எழுதினாரென்று கொள்ளற்க. அவர் மாணவராய தமிழ் வைத்தியர்கள் மொழிபெயர்த்தனர். அவர் ஒப்புநோக்கித் திருத்தினார். கலைச்சொற்களைத் தனித் தொகுதிகளாகவும் அச்சிட்டார். தமிழிற் சொல் உண்டா என்று முதலிற் பார்ப்பது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைப்படுத்திக் கொள்வது என்பதே அவர் வகுத்த நெறி.

கெமிஸ்தம் என்னும் பெயரே அந்நெறிக்குச் சான்று. அது அமெரிக்கப் பள்ளிகளில் வழங்கிய உவெல்ஸ் என்பாரின் நூலைத் தழுவியது. (அவ் உவெல்ஸ் பின்னர் இரசாயனத்தை விட்டு வரிவிதிப்புத் துறைக்குப் போய் அங்கே பெயர்பெற்றார் என்பது வேறு கதை.) இரசாயனம் என்ற சொல் கிறீன் காலத்திலேயே இருந்தது. ஆயினும் அது காயகற்பத்தையும் இரும்பைப் பொன்னாக்கும் வித்தையையும் நினைப்பூட்டும். புதுச்சாத்திரத்துக்குப் பழஞ்சட்டை வேண்டாமென்று கருதிப் போலும், ஆங்கிலச் சொல்லின் முதனிலையை எடுத்து அம் விகுதி கொடுத்தார். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இதில் ஒரு சிறு குறை உண்டு. ஸகரவொற்றை விலக்கிக் கெமித்தம் என்றிருப்பின் தொல்காப்பியரும் மறுத்திரார்!

வைத்தியனுக்கு இந்நூல் எதற்கு? அவன் கையாளும் மருந்துகளிற் பல அமிலம், மூலம், உப்பு என்னும் மூன்று வகுப்பினுள் அடங்குவன. நம் இரைப்பையிற் சுரப்பது ஐதரோகுளோரிக்கமிலம் என்பதைப் பிரவுற்று என்னும் ஆங்கில வைத்தியர் 1824 இற் காட்டினார். அவ்வமிலம் மிகுந்து நெஞ்செரிவு வந்தால் மூலப்பொருளொன்றைக் கொடுத்துத் தணிப்பர். அமிலமும் மூலமுங் கூடின் ஒன்றன் வலியை ஒன்று கெடுத்து உப்பும் நீருமாகும். இதனை நடுநிலையாக்கம் என்பர். வன்னிக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாவும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொயினா ஒரு மூலம். வெறுநீரில் அரிதாகவே கரையும். அமிலங் கலந்த நீரில் உப்பாகி நன்கு கரையும். இதனை அறியாதவன் கலக்கிய மருந்தில் முதற் குடிப்புக்கு ஒன்றுமிராது. கடைசிக் குடிப்பில் எல்லாம் அடிமண்டியாய் இருக்கும். அமிலங் குடித்தவனுக்கு மூலத்தைக் கொடு என்பதும் அந்நூற்றாண்டின் பாடமே. அது புண்ணை மிகுவிக்கும் என்று இன்று விலக்குவர்.

எம் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் முன்னொருநாள் எம்மிடம் முறையிட வந்தார். மூலம் என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வாங்கிலிருந்த பையன் ஒருவன், ஐயா, அதற்கு எங்கள் அப்பா கருணைக்கிழங்கு சாப்பிடுகின்றார் என்றானாம். வகுப்பு முழுவதும் சிரித்ததாம். நோயையும் நட்சத்திரத்தையும் வேரையுங் குறிக்கும் சொல் வேதிப்பொருளையுங் குறித்தால் இடர்தான். தமிழ்நாட்டார் மூலத்தை விட்டுக் காரம் என்றே வழங்குவர். ஆங்கோ காரம் என்பது மிளகாயின் சுவை. யாழ்ப்பாணத்தார் மிளகாயை உறைப்பு என்பதால் நமக்கு அம்மயக்கம் இல்லை. அன்றியும் நீரிற் கரையும் மூலத்துக்கு மட்டுமே காரம் என்று பெயரிட்டு, கரைவதும் கரையாததுமாகிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக மூலத்தை வைத்துக்கொண்ட நம் ஈழத்து வழக்கே நுட்பமானது என்பது எம் துணிபு. உப்புக்கோ எந்த இடரும் இல்லை. கறியுப்பு, இந்துப்பு, வெடியுப்பு என்று நம் பழைய வைத்தியர் முன்னமே அதனை ஓர் இனப்பெயராக வழங்கியிருந்தனர்.

மாணவர்க்கு இதனை விளக்கப் பாசிச்சாயத் தாளும் வேண்டா. கலியாண வீட்டு ஆலாத்தித் தட்டே போதும். மஞ்சள் கரைத்த நீரிற் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கின்றது. அது மூலத்தின் அடையாளம். அதனுள் தேசிக்காய்ச் சாற்றைச் சொட்டுச்சொட்டாக விட்டால் மீண்டும் மஞ்சளாகின்றது; அமிலம் மூலத்தை அடக்கிவிட்டது. கருப்பநீர் முட்டியிலும் சுண்ணாம்பே காவல். சாற்றைப் புளிக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் அம் மூலத்தன்மையிற் பெருகமாட்டா.

சொல்லாக்கத்தில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டுமென்பதற்கு மேனாட்டிலிருந்தே ஒரு சான்று தரலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலவாசியே என்னும் பிரெஞ்சு அறிஞர், எல்லா அமிலத்துக்கும் காரணம் ஒரே வாயு என்று நம்பி, அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் பொருள்பட அவ்வாயுவுக்கு ஒட்சிசன் எனக் கிரேக்கத்திற் பெயரிட்டார். செருமானியர் அதனை அப்படியே மொழிபெயர்த்துப் புளிப்புப்பொருள் என்றனர். 1810 இல் தேவி என்பார், குளோரீன் ஒரு மூலகமே என்றும், உப்பிலிருந்து வடிக்கும் அமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்றும் நாட்டினார். 1838 இல் இலீபிக்கு, உலோகத்துக்கு இடங்கொடுத்து விலகக்கூடிய ஐதரசனே அமிலத்துக்கு அடையாளம் என்றார். ஆக, பிழைபட்ட பொருள் செருமானியர் நாவில் இன்றும் நிற்கின்றது. நாமும் அன்று மொழிபெயர்த்துப் புளிவாயு என்று வைத்திருப்பின் அப்பிழையைச் சுமந்திருப்போம். ஓசையை மட்டும் கொண்டமையால் தப்பினோம். தனித்தமிழன்பர் எம்மீது சினங்கொள்ளினுங் கொள்க; இவ்விடத்திற் கிறீனின் மூன்றாம் நெறியே காத்தது.

கெமிஸ்தம் அச்சாகி வந்தபோது அவர் இங்கில்லை. 1873 இல் உடல்நலங் குன்றித் தாயகம் சென்றுவிட்டார். ஆனாற் பணி நிற்கவில்லை. வூஸ்ரரில் இருந்துகொண்டு, கடல்கடந்து வந்த கையெழுத்துப் படிகளைத் திருத்தி அனுப்பினார். இங்கோ தமிழ்வழி வைத்தியக் கல்வி அவர் போனபின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மருத்துவபீடத்திலும் பாடம் ஆங்கிலத்திலேதான். பாடசாலை இரசாயனமோ தமிழிற் குடிபுகுந்துவிட்டது; நம் பிள்ளைகள் க.பொ.த. உயர்தரம் வரை அதனைத் தமிழிற் கற்கின்றனர்.

இந்து பதார்த்த சாரம் என்னும் நூல் வெளிவந்த 1884 ஆம் ஆண்டில், மே மாதம் 28 ஆம் நாள், கிறீன் காலமானார். அவ்வாண்டிலேதான் சுவீடன் நாட்டு அரேனியசு, உப்பும் அமிலமும் நீரிற் கரையுங்கால் மின்னேற்றமுள்ள துணிக்கைகளாகப் பிரிகின்றன என்னும் தம் கொள்கையை உப்சாலாவிற் பட்ட ஆய்வாக அளித்தார். கெமிஸ்தத்தை மீண்டும் திருத்தவேண்டிய காலம் வந்தபோது திருத்துவார் இல்லை.

மானிப்பாயில் அவர் பெயர்தாங்கிய வைத்தியசாலை உண்டு. வூஸ்ரரில் அவர் துயிலுமிடத்துக் கல்லில், தமது பிறப்பிறப்பாண்டுகளோடு, தாம் தமிழர்க்கு மருத்துவ ஊழியராய்ச் சென்றவர் என்பதைப் பொறிக்க வேண்டுமென அவர் விரும்பியிருந்தார். அவ்வாறே பொறித்தனர். தமிழர் என்னும் பெயர் அந்தக் கல்லில் இருக்கின்றது.