கல்தச்சரும் எக் தீவும்

தந்தையின் கப்பல் கடலில் மூழ்கியபோது ஹியூ மில்லருக்கு வயது ஐந்து. 1802 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள குரோமார்ட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். தந்தை போனபின் தாய்க்குத் துணையாக நின்றவர்கள் இரண்டு தாய்மாமன்மார். கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள்தாம். ஆயினும் வாசிப்பில் ஆர்வம் மிக்கவர்கள். கடல் வற்றும் நேரங்களில் மருமகனைக் கரைக்கு அழைத்துச் சென்று நண்டையும் சிப்பியையும் கல்லையும் உற்றுப் பார்க்கப் பழக்கினார்கள்.

பாடசாலையில் அவர் நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்கவில்லை. ஒரு சொல்லை எழுத்துக்கூட்டும் விதத்தில் ஆசிரியரோடு தகராறு முற்றிக் கைகலப்பாகி, அன்றோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். (மாணவியர் இதைப் பின்பற்ற வேண்டியதில்லை!) 1820 இல், பதினேழு வயதில், கல்தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

கல்குவாரியில் வேலை தொடங்கிய நாட்களிலேயே ஒன்றைக் கவனித்தார். பெயர்த்தெடுத்த மணற்கல்லின் மேற்பரப்பில் வரிவரியாக அலைத்தடங்கள் இருந்தன. வற்றிய கடற்கரையில் சிறுவயது முதல் அவர் பார்த்துவந்த அதே வரிகள். அப்படியானால் இந்தக் கல் ஒருகாலத்தில் நீருக்கடியில் மணலாகக் கிடந்திருக்க வேண்டும். பெரிய படிப்பாளிகள் நூல்களில் தேடியதை அவர் உளிமுனையில் கண்டுகொண்டார். அதன்பின் குரோமார்ட்டியை அடுத்த கரைகளில் சுருள் வடிவச் சிப்பிகளும், கவசம் போர்த்த விசித்திர மீன்களும் உயிர்ச்சுவடுகளாக அவர் கையில் அகப்பட்டன.

ஆனால் கல்தூசி அவருடைய நுரையீரலைக் கெடுத்துவிட்டது. உளியை வைத்துவிட்டு 1834 இல் ஊர் வங்கியில் கணக்காளரானார். 1837 இல் லிடியா பிரேசரை மணந்தார். லிடியாவும் எழுதத் தெரிந்தவர். சிறுவர் நூல்கள் பல எழுதியவர். 1840 இல் மில்லர் எடின்பரோ நகரில் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியரானார். அடுத்த ஆண்டு பழைய செம்மணற்கல்லைப் பற்றி அவர் எழுதிய நூல், புவிச்சரிதவியலைச் சாதாரண வாசகர்களின் வீடுகளுக்குள் கொண்டுசென்றது. அவர் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர். பூமி மிக மிகப் பழையது என்பது அந்த நம்பிக்கைக்கு இடறலாக அவருக்குத் தோன்றவில்லை. அதேவேளை, ஓர் உயிரினம் இன்னொன்றாக மாறி வளர்ந்தது என்ற கருத்தை அவர் கடைசிவரை ஏற்கவுமில்லை.

1843 இல் ஸ்கொட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. போதகரை நிலச்சுவாந்தர் நியமிப்பதா, மக்கள் தெரிவதா என்பதே வழக்கு. மக்கள் பக்கம் நின்ற போதகர்களில் மில்லரின் பால்ய நண்பர் ஜோன் சுவான்சனும் ஒருவர். அவருடைய பணியிடம் மேற்குக் கடலிலுள்ள எக் தீவு. முட்டைக்கான ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும் பெயர். ஒன்பது கிலோமீற்றர் அளவே நீளமான அத்தீவில் அவர் வீடு கட்ட ஒரு துண்டு நிலமும் மறுக்கப்பட்டது. ஆகவே பெட்சி என்ற சிறு பாய்க்கப்பலையே வீடாக்கிக்கொண்டு, அதிலிருந்தபடியே தீவு மக்களுக்குப் பணி செய்தார். 1844 கோடையில் மில்லர் விருந்தாளியாக அந்தக் கப்பலில் ஏறினார்.

எக் தீவு, படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நூலகம். நடுவே கரிய கற்றூண்கள் நெருங்கி நிற்கும் ஸ்கூர் என்னும் பாறைமுகடு. அது எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. அதன் அடியிலோ கல்லாகிப்போன ஊசியிலை மரத்துண்டுகள்! காட்டை நெருப்புக் குழம்பு மூடியிருக்கிறது என்று மில்லர் புரிந்துகொண்டார். மேற்குப்புற வெண்மணலில் நடந்தபோது காலடியில் மணல் இசைபோல ஒலித்ததையும் குறித்துவைத்தார்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வடகரையில் இருந்தது. அங்கே உருண்டு கிடந்த பாறைகளில் எலும்புகள் பதிந்திருந்தன. நீண்ட கழுத்தும் துடுப்புக் கால்களும் கொண்டு நீரில் நீந்திய பிளீசியோசர் என்னும் ஊர்வனவின் எலும்புகள் அவை. டைனோசர் என்ற பெயரே பிறந்து இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்த காலம் அது. அடுத்த ஆண்டும் மில்லர் அத்தீவுக்குச் சென்றார். அந்தப் படுகை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. கண்ணுக்கெட்டிய தூரத்து ஸ்கை தீவில் டைனோசர்களின் தடங்களும் எலும்புகளும் பிற்காலத்தில் கிடைத்தன. எக்கில் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மில்லரின் கடைசி ஆண்டுகள் துயரமானவை. தலைவலியும் காரணமற்ற அச்சமும் அவரை வாட்டின. ஓயாத உழைப்பு அவற்றை இன்னும் கூட்டியது. 1856 டிசம்பர் 24 ஆம் திகதி, ஐம்பத்து நான்கு வயதில், மனநோயின் கொடுமையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற எழுத்துகள் நூலாக வெளிவர உழைத்தவர் லிடியா. பெட்சி பயணக் கட்டுரைகள் 1858 இல் நூலாயின. கணவரின் பெயரைச் சொல்லும்போது இப்பெண்ணின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ஆயிரக்கணக்கான அவரது உயிர்ச்சுவடுகள் எடின்பரோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

2017 இல் எல்சா பான்சிரோலி என்ற பெண் ஆய்வாளர், எக்கின் அதே வடகரையில், முன்னே சென்றிருந்த தம் குழுவினரை எட்டிப்பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு பாறை. அதில் அரை மீற்றர் நீளத்தில் ஓர் எலும்பு. முதுகில் தகடுகள் வரிசையாய் நிற்கும் ஸ்டெகோசர் வகை டைனோசரின் கால் எலும்பாக இருக்கலாம் என்றும், வயது சுமார் பதினாறு கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகள் என்றும் 2020 இல் அறிவிக்கப்பட்டது. எக் தீவு தந்த முதல் டைனோசர் எலும்பு அதுதான். அதுவும் இப்போது எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.