சூப் கிண்ணத்தில் இருந்து கடலாமையைக் காப்பாற்றியவர்: யார் இந்த ஆர்ச்சி கார்?

கடலாமை என்றாலே இன்று பாதுகாப்பு, விழிப்புணர்வு நடை, குஞ்சு பொரிப்பகம் என்றுதான் பேச்சு. 70 வருஷத்துக்கு முன்னாடி கதையே வேற. பச்சை ஆமை என்றால் பணக்கார ஓட்டல்களில் சூப். அதன் உடம்பில் இருக்கும் கொழுப்பு பச்சையாக இருப்பதால்தான் அந்தப் பெயரே வந்தது.

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில் டோர்ட்டுகுவேரோ என்றொரு கருமணல் கடற்கரை உண்டு. முட்டையிடக் கரையேறும் பெண் ஆமைகளை அங்கே இரவிலேயே மல்லாக்கப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு ஆமையால் நகர முடியாது. விடிந்ததும் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். முட்டையிடும் முன்பே தாய்களைப் பிடித்தால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை உலகம் காதில் வாங்கும்படி செய்தவர் அமெரிக்க உயிரியலாளர் ஆர்ச்சி கார்.

பேராசிரியர், எழுத்தாளர்

1909-ல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்தார். 1937-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இடையில் சில ஆண்டுகள் ஹோண்டுராஸில் ஆசிரியர் வேலை. மற்றபடி கடைசி வரை ஃபுளோரிடாவில்தான் பாடம் நடத்தினார். மனைவி மார்ஜோரியும் லேசுப்பட்டவர் இல்லை. ஃபுளோரிடாவின் குறுக்கே வெட்டப்பட்ட பெரிய கால்வாயை எதிர்த்து, 1971-ல் அந்தத் திட்டம் நிறுத்தப்படும் வரை போராடியவர்.

1952-ல் ஆமைகள் பற்றிய பெரிய கையேட்டை கார் வெளியிட்டார். கடலாமை பற்றி அறிவியலுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது அதை எழுதும்போதே அவருக்குப் புரிந்தது. அடுத்து, ஆமைகளைத் தேடி கரீபியன் கரைகளில் அலைந்த அனுபவத்தை 'தி விண்ட்வர்ட் ரோட்' என்ற புத்தகமாக 1956-ல் எழுதினார். அதைப் படித்து நெகிழ்ந்த சிலர் சேர்ந்து 1959-ல் பச்சை ஆமைகளைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். டோர்ட்டுகுவேரோவில் அந்த அமைப்பின் வேலை இன்றும் நடக்கிறது.

மாட்டுக் காதில் மாட்டும் வில்லை

ஆமைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன? இதைக் கண்டுபிடிக்க 1955-ல் டோர்ட்டுகுவேரோவில் ஆமைகளுக்கு அடையாள வில்லை மாட்டத் தொடங்கினார். முதலில் ஓட்டில் துளையிட்டுக் கம்பியால் கட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. பிறகு மாட்டின் காதில் மாட்டும் உலோக வில்லையை முன் துடுப்பில் மாட்டினார். அது நின்றது. வில்லையைத் திருப்பி அனுப்புபவர்களுக்குப் பரிசுப் பணமும் உண்டு.

வில்லைகள் பல நாடுகளில் இருந்து வந்து சேர்ந்தன. அதிகம் வந்தது நிகரகுவா கரையில் இருந்து. அனுப்பியவர்கள் பெரும்பாலும் ஆமை பிடிக்கும் மீனவர்கள். அதாவது, ஆமைகளின் பயண வரைபடத்தை வரைய உதவியவர்கள் அவற்றை வேட்டையாடியவர்களே. அந்த வரைபடம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. பச்சை ஆமை ஒரு நாட்டில் முட்டையிட்டு இன்னொரு நாட்டின் கடலில் புல் மேய்கிறது. ஒரே ஒரு நாடு சட்டம் போட்டால் போதாது.

தாய் ஆமை வருஷா வருஷம் வருவதில்லை. பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதும் வில்லைகளால் தெரிந்தது. ஆனால் வரும்போது அதே கடற்கரைக்குத்தான் வருகிறது. அந்தக் கரை கெட்டுப்போனால் வேறு கரையைத் தேடிக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. டோர்ட்டுகுவேரோ 1975-ல் சட்டப்படி தேசியப் பூங்கா ஆனது.

பலிக்காத திட்டம், தாமதமான விடை

எல்லாமே வெற்றி இல்லை. 1960-களில் அமெரிக்கக் கடற்படை விமானங்களில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை ஏற்றி, கரீபியன் கரைகள் பலவற்றில் விட்டார்கள். அங்கெல்லாம் புதிய ஆமைக் கூட்டங்கள் உருவாகும் என்பது காரின் கணக்கு. அப்படி எதுவும் உருவாகவில்லை.

இன்னொரு புதிர், கெம்ப் ரிட்லி என்ற சிறிய கடலாமை. அது எங்கே முட்டையிடுகிறது என்று சுமார் 20 ஆண்டுகள் தேடினார். வேறு இரண்டு ஆமை இனங்களின் கலப்பு அது என்றுகூட மீனவர்கள் நம்பினார்கள். 1961-ல் ஒரு பழைய படச்சுருள் வெளிச்சத்துக்கு வந்தது. மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947-ல் எடுத்தது. ஒரே பகலில் சுமார் 40,000 பெண் ஆமைகள் கரையேறியதாக அதை வைத்து மதிப்பிட்டார்கள். விடை கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. 1985-ல் அந்தப் பருவம் முழுக்கக் கிடைத்த கூடுகள் வெறும் 702.

கடலில் இறங்கிய குஞ்சுகள் முதல் சில ஆண்டுகள் எங்கே மறைகின்றன என்ற கேள்வியும் அவரை விடவில்லை. மிதக்கும் கடற்பாசித் திட்டுகளில் ஒதுங்கி வளர்கின்றன என்றார். பின்னாளில் செயற்கைக்கோள் கருவிகளும் இதற்கு வலு சேர்த்தன.

1987-ல் கார் காலமானார். ஃபுளோரிடாவில் 1991-ல் உருவான ஆமைகள் சரணாலயத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கரையில் ஆமையைப் பார்த்தால்?

கார் தேடிய கெம்ப் ரிட்லிக்கு நெருங்கிய உறவினம்தான் நம் கரைக்கு வரும் பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னை கடற்கரையிலும் முட்டையிடும். அப்போது கவனிக்க வேண்டியவை:

• டார்ச், ஃபிளாஷ், செல்ஃபி வேண்டாம். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம். பின்பக்கமாகத் தள்ளி நின்று பார்க்கலாம். தாடை பலமானது, தலைப்பக்கம் போகாதீர்கள்.

• குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும். தெருவிளக்கு அவற்றைத் திசைமாற்றும். வழிதவறிய குஞ்சுகளைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

• அடிபட்டு ஒதுங்கிய ஆமையைக் கடலுக்குள் தள்ளாதீர்கள். சோர்ந்த ஆமை மூழ்கிவிடும், அதுவும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் உயிர்தான். துடுப்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. நிழல் கொடுத்து, மூக்கை மூடாமல் ஓட்டின் மேல் ஈரத்துணி போட்டு, உதவி வரும் வரை காத்திருங்கள்.

• எல்லா ஆமையும் கடலாமை இல்லை. துடுப்பு இருந்தால் கடலாமை. நகத்தோடு கால்கள் இருந்தால் குளத்து ஆமையாகவோ நில ஆமையாகவோ இருக்கலாம். பாவம் பார்த்து அதைக் கடலில் விட்டால் செத்துப்போகும்.

• முட்டை எடுப்பது, பிடிப்பது, விற்பது எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.