இகார் சிக்கார்ஸ்கி

ஆகாய விமானம் வானில் எழுவதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். மலைச்சரிவிலும், வெள்ளம் சூழ்ந்த ஊரிலும், கொந்தளிக்கும் கடலிலும் உயிருக்குப் போராடும் மக்களை அது நெருங்க இயலாது. அத்தகைய இடங்களுக்கும் செல்லவல்லது ஹெலிகாப்டர். அதனை உலகிற்குப் பயன்படும் ஊர்தியாக ஆக்கியவருள் தலைசிறந்தவர் இகார் சிக்கார்ஸ்கி.

இவர் 1889-ஆம் ஆண்டு மே திங்கள் 25-ஆம் நாள், அக்காலத்தில் ரஷியப் பேரரசைச் சேர்ந்திருந்த கீவ் நகரில் பிறந்தார். தந்தையார் பேராசிரியர், அன்னையார் மருத்துவம் பயின்றவர். இத்தாலிய அறிஞர் லியனார்டோ டாவின்சி வரைந்த பறக்கும் பொறிகளைப் பற்றி அன்னையார் கூறக் கேட்டு மகிழ்ந்த சிறுவர், தம் பன்னிரண்டாம் வயதில் ரப்பர்ப் பட்டையின் விசையால் எழும் சிறு ஹெலிகாப்டர் ஒன்றைச் செய்தார்.

1909-ஆம் ஆண்டில் தமக்கையார் அளித்த பொருளுடன் பாரிசு நகரம் சென்று, 25 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். ஹெலிகாப்டர் முயற்சி வீண் என்று அங்கிருந்த வல்லுநர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. எனினும், அவர் அமைத்த முதற் பொறி தரையைவிட்டு எழவில்லை. மறு ஆண்டில் அமைத்த பொறியோ தன் எடையை மட்டும் தூக்கியது, ஓட்டுநரைத் தூக்கவில்லை. எஞ்சினின் ஆற்றலும் தம் அறிவும் இன்னும் போதா என உணர்ந்த சிக்கார்ஸ்கி, அம்முயற்சியை ஒத்தி வைத்தாரேயன்றிக் கைவிட்டாரில்லை. விமானம் அமைப்பதில் கருத்தைச் செலுத்தி, 1913-ஆம் ஆண்டில் நான்கு எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானத்தைப் பறக்கவிட்டுப் புகழ் பெற்றார்.

ரஷியப் புரட்சி அவருடைய வாழ்வைப் புரட்டியது. உடைமைகளை இழந்து, 1919-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரை அடைந்தார். அங்குக் குடியேறிய ரஷியர்களுக்குக் கணிதம் கற்பித்தும், விரிவுரைகள் ஆற்றியும் வறுமையுடன் வாழ்ந்தார். 1923-ஆம் ஆண்டில் கோழிப்பண்ணை ஒன்றில் விமானத் தொழிலை மீண்டும் தொடங்கினார். தொழில் வளர்ந்தது, இளமைக் கனவும் மீண்டும் எழுந்தது.

விமானம் முன்னோக்கி விரையும்போது அதன் இறக்கைகள் காற்றினால் தாங்கப்படுகின்றன. ஹெலிகாப்டரிலோ, உச்சியில் சுழலும் விசிறியின் இலைகளே இறக்கைகள். அவை காற்றைக் கீழே தள்ள, ஊர்தி மேலே எழுகிறது. விசிறி சுழலும் தளத்தை முன்புறம் சாய்த்தால் ஊர்தி முன்னே செல்லும். ஆனால், விசிறி ஒருபுறம் சுழல, ஊர்தியின் உடல் எதிர்ப்புறம் சுழல முற்படும். இவ்விடரை நீக்கச் சிலர் எதிரெதிராகச் சுழலும் இரு பெரிய விசிறிகளை அமைத்தனர். சிக்கார்ஸ்கியோ ஒரே பெரிய விசிறியை அமைத்து, வாலில் சிறு விசிறியைப் பொருத்தினார். அது வாலைப் பக்கவாட்டில் தள்ளி, உடல் சுழலாதபடி காத்தது.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கயிற்றாற் பிணைக்கப்பட்ட அப்பொறியில் ஐம்பது வயதுடைய சிக்கார்ஸ்கி தாமே அமர்ந்தார். பொறி சில நொடிகள் தரையைவிட்டு எழுந்தது. தொடக்கத்தில் அது பின்னும் பக்கமும் நன்கு சென்றதேயன்றி, முன்னே செவ்வையாகச் செல்லவில்லை. அவர் மனந்தளராது மீண்டும் மீண்டும் திருத்தினார். 1941-ஆம் ஆண்டு மே திங்களில் அது ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் வானில் நின்று உலகை வியக்கச் செய்தது.

1945-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அக்கடற்கரையருகே பெரும் புயல் வீசியது. பாறைத்திட்டில் சிக்கிய எண்ணெய்ப் படகில் இருவர் தவித்தனர். படகுகள் நெருங்க முடியாத அவ்விடத்தில் சிக்கார்ஸ்கியின் ஹெலிகாப்டர் வானில் நிலையாக நின்று, கயிற்றை இறக்கி, இருவரையும் ஒருவர்பின் ஒருவராக மீட்டது. இளமையில் எழ மறுத்த பொறி, இன்று பிறர் உயிரையும் தூக்கி நின்றது.

சிக்கார்ஸ்கி 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் இயற்கை எய்தினார். தோல்வி கண்ட முயற்சியை முப்பது ஆண்டுகள் நெஞ்சில் காத்து, காலம் கனிந்தபோது முடித்துக் காட்டிய அவர் வாழ்க்கை, விடாமுயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.