பாடசாலையை வெறுத்த தாகூர் கட்டிய பாடசாலை

இரவீந்திரநாத் தாகூரை நோபல் பரிசு பெற்ற கவிஞராக நாங்கள் அறிவோம். 1861 இல் கல்கத்தாவின் ஜொராசங்கோ வீட்டில் பிறந்த அவர், பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பாடசாலையைக் கைவிட்டவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஒரியன்டல் செமினரி, நோர்மல் ஸ்கூல், பெங்கால் அகடமி, சென் சேவியர்ஸ் என்று நான்கு இடங்களில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் அவர் நிலைக்கவில்லை. பொருள் புரியாத மனனமும் தண்டனையும் சுவருக்குள் அடைபட்ட பகலும் அவரைத் துரத்தின.

ஆனால் பாடசாலைக்குப் போய்வந்த காலத்திலேயே வீட்டில் இன்னொரு படிப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் தமையன் ஹேமேந்திரநாத். விடியுமுன் மல்யுத்தம், பிறகு கணிதம், இலக்கியம், சித்திரம், மாலையில் ஆங்கிலம், ஞாயிறுகளில் விஞ்ஞானப் பரிசோதனை. முதலில் தாய்மொழியான வங்காளம், அதன்பிறகே ஆங்கிலம் என்பதில் தமையன் உறுதியாக இருந்தார்.

1873 இல் தந்தை தேவேந்திரநாத் மகனை இமயமலை அடிவாரத்து டல்ஹௌசிக்குக் கூட்டிச் சென்றார். விடியலில் சமஸ்கிருதம், இரவில் நட்சத்திரங்கள். பகலில் மலைச்சரிவுகளில் தனியே திரிய மகனை விட்டார். கைச்செலவுக் காசைக் கொடுத்துக் கணக்கும் வைக்கச் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்பிய அந்தத் தகப்பனிடம் தாகூர் கற்றதை எந்த வகுப்பறையும் கொடுத்திருக்கவில்லை.

இதை வாசிக்கும்போது எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. 2008 இல் இடம்பெயர்ந்து திரிந்த மாதங்களில் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தது அக்காதான். தரப்பாளுக்குக் கீழே, ஒரே கொப்பியில், எழுதிய பக்கத்தை அழித்து அழித்துப் படித்தோம். அதுவும் வீட்டுக் கல்விதான். ஆனால் அது நாங்கள் விரும்பித் தெரிந்ததல்ல. தாகூரின் வீட்டில் நிலபுலம் இருந்தது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமும் இருந்தது. வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை மறைக்கக்கூடாது.

தாகூர் தன் பிள்ளைகளையும் பாடசாலைக்கு அனுப்பவில்லை. பத்மா நதிக்கரையில், இன்றைய பங்களாதேஷில் உள்ள ஷிலைதாவில், வீட்டில் வைத்தே படிப்பித்தார். வங்காளத்தைத் தானே சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலத்துக்கு ஓர் ஆங்கிலேயர் வந்து தங்கியிருந்தார். இந்தக் கதையின் வலிக்கும் பக்கமும் இங்கேதான் இருக்கிறது. 1901 இல் மூத்த மகள் மாதுரிலதாவுக்கும், பதினொரு வயதைக்கூடத் தாண்டாத ரேணுகாவுக்கும் திருமணம் செய்துவைத்தார். அதே ஆண்டு டிசம்பரில், மகன் ரதீந்திரநாத் உட்பட ஐந்து மாணவர்களுடன் சாந்திநிகேதனில் பாடசாலை தொடங்கினார். மகனுக்குப் பாடசாலை, மகள்மாருக்குக் கலியாணம். வீட்டுக் கல்வி வீட்டாரின் மனதுக்குள் அடங்கியது. அந்த மனம் மாறினால் பிள்ளைக்குப் போக வேறு இடமில்லை. 1903 இல் ரேணுகா நோயில் இறந்தாள்.

அந்தப் பாடசாலைக்காக மனைவி மிருணாளினி நகைகளைக் கொடுத்தார். வகுப்புகள் மரநிழலில் நடந்தன. ஆரம்பத்தில் ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்தார்கள். பெண் பிள்ளைகள் பின்னரே வந்தார்கள். 1921 இல் அது விஸ்வபாரதியாக வளர்ந்தது. 1934 இல் இலங்கை வந்த தாகூர், ஹொரணையில் சாந்திநிகேதனைப் பின்பற்றி எழுந்த ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார். யாழ்ப்பாணத்துக்கும் வந்துபோனார்.

ரியூசனிலும் பரீட்சையிலும் களைத்துப்போன பிள்ளைகளைப் பார்த்து, வீட்டில் வைத்தே படிப்பித்தால் என்ன என்று கேட்கும் பெற்றோரை இப்போது சந்திக்கிறேன். அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் தாகூர் பாடசாலையை வெறுத்த பிறகும் கடைசியில் கட்டியது ஒரு பாடசாலையைத்தான். தன் வீட்டில் கிடைத்த நேரத்தையும் நம்பிக்கையையும் ஊரார் பிள்ளைகளுக்கும் கொடுக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. மரத்தடியில் படித்துச் சான்றிதழ் இல்லாமல் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இன்றும் தேவைப்படுவது அப்படி ஓர் இடம்தான்: தவறவிட்ட ஆண்டுகளைக் கேட்டு வெட்கப்படுத்தாமல், வாசலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு பாடசாலை.