பெர்டினாண்டு பிரௌன்

2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசினர் வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் நம் புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்களுக்கும் வந்தன. அவற்றினுள் ஒளிர்ந்த கண்ணாடிக் குழலின் தந்தையாரைக் குறித்தே ஈண்டு நாம் வரைகின்றோம்.

பிரௌன் 1850-இல் ஜெர்மனியின் புல்டா நகரிற் பிறந்தார். சில உலோகக் கந்தகப் படிகங்கள் மின்சாரத்தை ஒரு திசையிலேயே எளிதிற் செல்லவிடும் என்று 1874-இல் கண்டார். அந்நாளில் அதனை மதித்தார் சிலரே. 1897-இல் ஸ்திராஸ்பர்க்கில் எதிர்மின்கதிர்க் குழலை அமைத்தார். மாறுமின்னோட்டத்தின் வடிவைக் கண்ணாற் காண்பதே அவர் கருத்து. தொலைக்காட்சியை அவர் கனவிலும் எண்ணினாரல்லர் போலும். கம்பியில்லாத் தந்திக்காக 1909-இல் மார்க்கோனியுடன் நோபெல் பரிசு பெற்றார்.

அவர் குழலோ பெருந்தீனி கொள்வது. இழையைச் சூடேற்றவும், மின்னணுக்களைப் பல்லாயிரம் வோல்ட்டால் உந்தவும், காந்தச் சுருளால் வளைக்கவும் மின்சாரம் வேண்டும். 21 அங்குலக் குழற்பெட்டி ஏறக்குறைய 80 வாட்டு கொள்ளும். அதனினும் அகன்ற 32 அங்குல எல்.இ.டி. பெட்டிக்கு 50 வாட்டே மிகுதி. (65 அங்குலம் வாங்கும் ஆசையுடையார்க்கு இம்மிச்சம் மிஞ்சாது.) அவ்வொளியுமிழ் இருமுனையமும் ஒருதிசைக் கடத்தலின் வழிவந்ததே. ஆதலின் தின்னும் பெட்டிக்கும் சிக்கனப் பெட்டிக்கும் மூலம் தேடின், நாம் பிரௌனிடமே சென்று சேர்கின்றோம்.

1914 இறுதியில் ஒரு காப்புரிமை வழக்கிற் சான்றுரைக்க நியூயார்க் சென்ற அவர், போரினால் தாயகம் திரும்ப இயலாது, 1918 ஏப்ரல் 20-இல் புரூக்ளினிற் காலமானார். போர் ஓய்ந்தது அவ்வாண்டு நவம்பரில்.